நாலு பத்துக்கு இழுக்கும் மின்சாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டாளா? என் மகள் அத்தை வீட்டுக்கு எப்போது போகலாம் என்று பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுகிறாள். போன வாரம் நீ இரண்டு முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. எனக்கு வேலை மும்முரம் என்று உன் நாத்தனார் போல என் மகள் அதட்டிச் சொன்னாளாமே, அது நான் சொல்லச் சொன்ன பொய். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் நீ சொன்ன வேலை. லித்தியம் பேட்டரி போட்டால்தான் அத்தானின் படகை விலைக்கு வாங்கிக்கொள்வேன் என்று பல் டாக்டர் நிபந்தனை வைத்தாரல்லவா, அது முடிந்தது. பழைய ஈய பேட்டரி நான்கையும் நானும் டீசல் மெக்கானிக் மீசையும் கயிறு கட்டித் தூக்கினோம். மீசை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உங்க அத்தான் மீன் பிடிக்கப் போனாரா, ஈயம் ஏத்திட்டுப் போனாரா?" என்று கேட்டான். இப்போது அந்த இடத்தில் இரண்டே பெட்டி. ஒரு ஆளே தூக்கி வைத்துவிடலாம். எஞ்சினிலிருந்து நேராக ஏற்றினால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும் என்பதால் நடுவில் தனி சார்ஜர் வைத்திருக்கிறேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ். பழைய ஒயர்களில் பாதியை உருவிப் போட்டேன். வேலையில் குறை சொல்ல முடியாது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ உட்கார்ந்து படி.

புது பேட்டரி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று தெரிய, பழையதைக் கழற்றுமுன் ஒரு வாரம் அதற்கே சார்ஜ் ஏற்றி ஒரு மீட்டர் மாட்டி வைத்திருந்தேன். எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை அது கோடு கோடாக என் போனில் காட்டும். படகு பட்டறைக்கு முன்னால் தண்ணீரில் கட்டிக் கிடக்கிறது. விளக்கு, பம்பு, எல்லா சுவிட்சும் அணைத்தாயிற்று. கோடு தரையோடு தரையாக ஓட வேண்டும். ஓடவில்லை. தினமும் சாயங்காலம் நாலு பத்துக்குக் கோடு எழும்பியது. ஐந்தரை ஆம்பியர். நாற்பது விநாடி. அதற்குள் பழைய பேட்டரி பத்து வோல்ட்டுக்குக் கீழே சரிந்துவிடும், கோடு படுத்துவிடும். அடுத்த நாள் மறுபடி நாலு பத்து.

ஈரம் இறங்கி எங்கோ கசிகிறது என்று நினைத்தேன். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் வயர்லெஸ் போகிற வழி என்று தெரிந்தது. ஐந்தரை ஆம்பியர் என்பது வயர்லெஸ் பட்டனை அழுத்திப் பேசும்போது இழுக்கிற அளவு. கேட்பதற்கு அவ்வளவு வேண்டாம். வயர்லெஸ்ஸையே கழற்றி என் பட்டறை அலமாரியில் வைத்தேன். ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றினேன். மறுநாள் சுக்கான் அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நல்ல வெயில். பக்கத்துப் படகில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பத்துக்குக் கோடு எழும்பியது. டேப் சுற்றிய அந்த ஒயரைத் தொட்டேன் அக்கா. வெதுவெதுப்பாக இருந்தது.

உன்னிடம் சொல்லாமல், வேலையை முடித்தால் சரியாகிவிடும் என்று லித்தியத்தை மாட்டினேன். அன்று சாயங்காலம் கோடு எழும்பியது, விழவில்லை. புது பேட்டரி சரியாது, பதின்மூன்று வோல்ட்டிலேயே நின்றது. முப்பத்தேழு நிமிடம் ஓடி, தானாக நின்றது. நாற்பது விநாடியில் அறுந்துபோனது இப்போது அறுந்துபோகவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை எழுதி, இரண்டு நாள் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். கிழித்துவிடலாம் என்றும் நினைத்தேன். இன்று மீதியை எழுதுகிறேன்.

துறைமுகத்து வயர்லெஸ் நோட்டில் இருந்ததை உனக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். போன வருடம் அத்தான் கடைசியாகப் போன அன்று, நாலு பத்துக்கு ஒரு அழைப்பு. "யாராவது இருக்கீங்களா" என்று ஒரு குரல், பிறகு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் படகு கிடைத்தது. உள்ளே ஒரு சொட்டு தண்ணீர் இல்லை, எஞ்சின் நின்றிருந்தது, அவர் இல்லை. ஏன் ஒரே தடவை கூப்பிட்டார், ஏன் மறுபடி கூப்பிடவில்லை என்று நீ எத்தனை பேரிடம் கேட்டாய். என்னிடமும் கேட்டாய்.

அதற்குப் பதினைந்து நாள் முன்னால் அத்தான் என் பட்டறைக்கு வந்தார். "பேட்டரி சட்டுனு இறங்குதுடா, என்னன்னு பாரு" என்றார். நான் வேறு படகுக்குள் குனிந்திருந்தேன். வெளியே கூட வரவில்லை. "இன்னும் ஒரு வருஷம் தாங்கும் அத்தான், பயப்படாம போங்க" என்று உள்ளேயிருந்தே சொன்னேன். அவரும் சரியென்று போய்விட்டார். விசாரணையில் பேட்டரி நன்றாக இருந்தது என்று கையெழுத்துப் போட்டேன். மறுபடி கூப்பிட அவருக்கு மின்சாரம் இல்லை அக்கா. உன் கேள்விக்குப் பதில் அதுதான்.

செவ்வாய்க்கிழமை வயர்லெஸ்ஸைத் திரும்ப மாட்டினேன். என் கையில் சின்ன வாக்கி டாக்கி. மீசையும் கூட இருந்தான், தனியாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. நாலு பத்துக்கு வயர்லெஸ்ஸில் பேசும்போது எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் கொக்கியில் தொங்குகிறது, யாரும் தொடவில்லை. என் கையிலிருந்த வாக்கி டாக்கியில் அலை வந்து பலகையில் அடிக்கிற சத்தம். இங்கே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. மீசை இறங்கிப் போனான். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறான். ஆனால் செருப்பைப் படகிலேயே விட்டுவிட்டான், எடுக்க இன்னும் வரவில்லை.

பிறகு ஒரு செருமல். பேச ஆரம்பிக்குமுன் அத்தான் இரண்டு தடவை செருமுவாரே, அது. "யாராவது இருக்கீங்களா" என்றார். கத்தவில்லை, அடுத்த அறையில் இருப்பவரைக் கேட்பது போலக் கேட்டார். நான் வாக்கி டாக்கி பட்டனை அழுத்தி, "நான்தான் அத்தான், இருக்கேன். பேட்டரி மாத்திட்டேன். அன்னிக்கு நான் வெளிய வந்து பாத்திருக்கணும்" என்றேன். அழுதேனா என்று தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ பக்கத்துல இருக்காளா?"

கூட்டிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டேன். விளக்கு அணைந்தது. நேற்றும் இன்றும் நாலு பத்துக்கு எரிந்தது. அவர் பேசவில்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிகிறது போலும்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சாவி வாங்க வருகிறார். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று இதை இன்று ராத்திரி பஸ் கண்டக்டரிடமே கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை காலை பஸ் ஏறினால் மூன்று மணிக்குள் வந்துவிடலாம். சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா. நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். அவரோடு மட்டும் பேசிவிட்டுப் போ. எவ்வளவு நேரம் பேசினாலும் பேட்டரி தாங்கும் அக்கா. இந்தத் தடவை சோதித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன் காலில் விழுந்து கேட்கும்,
தம்பி