காற்று வெளியே வரும் அறை

ஜூலை 6, திங்கள்

இன்று நான் சொல்லாதது: தனிமை அறையின் விசிறி தப்புப் பக்கம் இழுக்கிறது.

தொற்று நோயாளியின் மூச்சு கூரைக்கு மேலே போய்விட வேண்டும். அதற்குத்தான் அந்த விசிறி. கதவிடுக்கில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இழுபட வேண்டியது என் முகத்தில் வந்து அடித்தது. அதே நேரம் இயக்குநர் சுகியார்தோ, எங்கள் ஊர்த் திறப்புவிழா வழக்கப்படி, மஞ்சள் சோற்றுக் கோபுரத்தை வெட்டி அறையைத் திறந்துவைத்தார். அறைக்குப் பொறுப்பு நான் என்பதால் உச்சித் துண்டு எனக்கு. வாய் நிறையச் சோற்றோடு என்ன சொல்வது?

ஜூலை 7

பராமரிப்புப் பணியாளர் ருஸ்டியிடம் மட்டும் கேட்டேன்.

"திறப்புவிழா ஒத்திகையில பாஸுக்கு வேர்த்துச்சு டாக்டர். நடையில காத்தே இல்லையான்னாரு. விசிறியத் திருப்பி மாட்டிட்டேன்."

"விழா முடிஞ்சுதே ஐயா, பழையபடி மாத்துங்க."

"தப்பா இருக்குன்னு யாராவது எழுதிக் குடுக்கணுமே. நீங்க குடுக்கறீங்களா?"

கொடுக்கவில்லை.

ஜூலை 9

திங்களன்று தரச்சான்றுக் குழு வருகிறது. கை கழுவும் ஆறு படிகளையும் பாட்டும் ஆட்டமுமாகப் பழகுகிறோம். முன்வரிசையில் இயக்குநர் இடுப்பை வளைக்கிறார். குழாயில்தான் மதியத்துக்கு மேல் தண்ணீர் இல்லை.

நர்ஸ் வெனிங் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆட்டத்திலிருந்து விலக்கு, கோப்பு அடுக்கும் வேலை. மேசையைத் தனிமை அறை வாசலில் போட்டிருக்கிறாள். "ஆஸ்பத்திரியிலயே இங்கதான் டாக்டர் ஜிலுஜிலுன்னு இருக்கு."

அறை காலிதானே — எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை படித்தது இதற்குத்தானா?

ஜூலை 13

குழு வந்தது. உம்ரா யாத்திரை முடித்துத் திரும்பிய ஒருவரும் வந்தார், காய்ச்சலும் இருமலுமாக. ஒட்டகத்திடமிருந்து தொற்றும் அந்தப் புதுக் காய்ச்சலாக இருக்குமோ என்று ஒரே உற்சாகம். முழுக்கவசத்தோடு அவரை அறைக்குள் தள்ளிப் படமும் எடுத்துக்கொண்டோம். 'நடையில் காற்றோட்டம் பிரமாதம்' என்று குழுத் தலைவி எழுதிக்கொண்டார்.

வெனிங்கிடம், "மேசைய நகர்த்து" என்றேன்.

"ஏன் டாக்டர்?"

இயக்குநர் பக்கத்தில் நின்றார். "வழிய மறைக்குது."

"மேசையா, என் வயிறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். மேசை நகரவில்லை.

ஜூலை 15

ஒட்டகம் இல்லை. தட்டம்மை.

"வெறும் தட்டம்மைதானா?" இயக்குநருக்கு ஏமாற்றம்.

விசிறியைப் பற்றி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சான்று வரட்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டார். வெனிங் சிறுவயதில் தடுப்பூசி போட்டுக்கொண்டவள் இல்லை; வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. தொற்றுப் பட்ட ஆறு நாளுக்குள் போட வேண்டிய ஊசிமருந்து சுரபாயாவிலிருந்து வர வேண்டும்; படிவத்தில் 'தொற்றிய வழி' என்றொரு கட்டம்.

"தொத்தவே வழியில்லாத அறைன்னு இப்பத்தானே பாராட்டிட்டுப் போனாங்க? என்னன்னு எழுதுவீங்க?" என்றார் இயக்குநர்.

உள்ளதை எழுதினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 20

ஆறு நாள் முடிந்துவிட்டது. மருந்து வரவில்லை.

ஜூலை 25

வெனிங்குக்குக் காய்ச்சல். கண் சிவந்திருக்கிறது.

ஆகஸ்ட் 4

உச்சத் தரச்சான்று வந்துவிட்டது. வாசலில் பதாகை கட்டுகிறார்கள்.

வெனிங்கின் குழந்தை நேற்று மாலை உயிரில்லாமல் பிறந்தது. பெண். இன்று காலை அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, வேறு டாக்டரை அனுப்பச் சொன்னாள்.