மறுதாம்புக்குச் சொந்தக்காரன்

1976 ஜூன் 24, வியாழன்

ரெஜ் புல் அறுக்க ஆரம்பித்துவிட்டான். காலை ஆறு மணிக்கே, கூலிக்கு அறுக்கும் டில்வினின் டிராக்டர் சத்தம். பத்து ஏக்கர் புல்வெளியும் என் சமையலறை ஜன்னலில் தெரியும். அண்ணன் அறுப்பான், தம்பி தேநீர் குடித்தபடி பார்த்திருப்பான். அப்பாவின் உயில் அப்படி: ‘முதல் அறுப்பு மூத்தவன் ரெஜினால்டுக்கு. லாமஸ் நாளான ஆகஸ்ட் ஒன்று முதல், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பு இளையவன் சிரிலுக்கு.’ இருபத்தொரு வருடமாகியும் அந்த வரி மனப்பாடம். படித்தவனுக்கு மிச்சம் போதும் என்று நினைத்துவிட்டார்.

மழை பெய்து ஐந்து வாரம் ஆகிறது.

ஜூலை 5, திங்கள்

ஏதோ ஒரு போரைப் பற்றிப் பேசிய வானொலிக்காரர் மூன்று முறை ‘ஆஃப்டர்மாத்’ என்றார். இடிந்த வீடுகள், அகதிகள், பசி. இந்த ஆற்றோரத்தில் அந்தச் சொல்லுக்கு இன்றும் பொருள் புல்தான். ‘மாத்’ என்றால் அறுப்பு. அறுப்புக்குப் பின் துளிர்ப்பது ஆஃப்டர்மாத். மறுதாம்பு. வயலில் பிறந்த சொல்லைச் சில நூறு வருடங்களுக்கு முன் பட்டணத்தார் தூக்கிக்கொண்டு போய் நாசத்தின் வாலில் கட்டிவிட்டார்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். இந்த வருடம் நான்காவது. போடமாட்டார்கள். லத்தீன் வாத்தியார் இனித் தேவையில்லை என்று என்னை வீட்டுக்கு அனுப்பிய நாடு இது.

ஜூலை 19, திங்கள்

குன்றுகள் ரொட்டித் தோல் நிறத்தில் இருக்கின்றன. என் ஏழு கிடாரிகளும் பாதையோரத்தைச் சுரண்டித் தின்கின்றன. பள்ளியை விட்டு வந்த பிறகு எனக்கென்று இருப்பது அவை ஏழும்தான். மறுதாம்பை நம்பி வாங்கினேன். வெட்டிய இடத்தில் ஒரு பச்சை முனைகூட இல்லை.

ஒரு விநோதம். ரெஜ் ஏழு ஏக்கரோடு நிறுத்திவிட்டான். ஆற்றை ஒட்டிய மூன்று ஏக்கர் அப்படியே நிற்கிறது, நின்றபடியே காய்ந்து. தபால் நிலையத்தில் அவன் மனைவி ஈனிடைப் பார்த்தேன்.

“அவருக்கு முதுகு புடிச்சிருக்கு. டில்வினுக்கும் வேற எடத்துல வேலை,” என்றாள், தபால்தலையைப் பார்த்துக்கொண்டே.

லாமஸ் அன்று சூரியன் எழும்போது புல்வெளியில் நிற்பதெல்லாம் மறுதாம்புக்காரனுடையது. அறுக்காமல் விட்ட முதல் புல்லானாலும் சரி. எங்கும் எழுதிவைக்காத விதி. இங்கே யாரும் மீறியதில்லை. ஜூலை முடியும்வரை யாரும் புல்லை நிற்க விட்டதும் இல்லை.

நாளை எண்ணுகிறேன்.

ஜூலை 31, சனி

ரெஜ் வேலியோரம் வந்தான்.

“உன் கிடாரிங்க எலும்பும் தோலுமா நிக்குதே. நம்ம கொட்டாயில புல்லுக்கட்டு கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போயேன்.”

“உன் புல்லு எனக்கு வேணாம்.”

“சரி.”

முதுகு பிடித்தவன் வேலிப் படியைத் தாண்டிக் குதித்துப் போனான். சோம்பல் என்று சொல்ல வெட்கம், வேறென்ன.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

ஐந்தரைக்குக் கேட்டைத் திறந்தேன். கிடாரிகள் ஓடி அந்த மூன்று ஏக்கருக்குள் வயிறளவு மறைந்தன. தேவாலயத்துக்குப் போகும் வழியில் ரெஜ் பார்த்தான். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

இருபத்தொரு வருடம் காத்திருந்த நாள். சந்தோஷம் இன்னும் வரவில்லை. வரும்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

ரெஜ் நான்கு கறவைகளைச் சந்தைக்கு ஏற்றிவிட்டான். குளிர்காலத்துக்குப் புல் போதாதாம். ஒன்பதில் நான்கு.

அவனே விட்ட புல். என் மேல் என்ன தவறு?

ஆகஸ்ட் 20, வெள்ளி

மதுக்கடையில் டில்வின் தானாக வந்து எதிரே உட்கார்ந்தான்.

“வாத்தியாரே, ரோமாபுரி கதையெல்லாம் தெரியும் உங்களுக்கு. பக்கத்து வீட்டுக் கதை தெரியல.”

“என்ன கதை?”

“ஆத்தோரம் டிராக்டரைத் திருப்புனேன். உங்கண்ணன் கையைக் காட்டி நிறுத்துனாரு. ‘இந்த வருசம் மறுதாம்பு மொளைக்காது டில்வின். அவன் கேக்க மாட்டான், குடுத்தாலும் வாங்க மாட்டான். விதிப்படி அவனே எடுத்துக்கட்டும்’னாரு. முதுகுமில்லை, வலியுமில்லை. சொல்லாதேன்னாரு. நாலு மாட்டையும் வண்டியில ஏத்துனவன் நானு. அதான் வாயைத் திறக்கறேன்.”

கோப்பையைக் காலி செய்யாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஏன்டா ரெஜ், சொல்லல? நேரா வந்து சொல்லியிருந்தா — வாங்கியிருப்பேனா? வேலியோரம் வந்து சொன்னானே. வேணாம்னேனே. நாலு மாடுடா. நான் ஜன்னல்ல நின்னு நாள் எண்ணிட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, சனி

கிடாரிகள் கொழுத்திருக்கின்றன. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 30, திங்கள்

மழை. ஊரே தெருவில் நின்று நனைந்தது. நான் ரெஜ் வீட்டுக்குப் போனேன். ஈனிட் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“எதுக்கு வந்திருக்கே?”

“சும்மா.”

“சும்மா வர இருபத்தொரு வருசம் ஆச்சாக்கும்.”

அவள் தோளுக்குப் பின்னால் முற்றம் தெரிந்தது. ரெஜ் தொழுவத்தில் காலியான நான்கு இடங்களையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஐம்பது வயது, இரண்டு பட்டம், ஒரு வாக்கியம் வரவில்லை.

செப்டம்பர் 12, ஞாயிறு

பத்திரிகையில் என் கடிதம் வந்திருக்கிறது, பாதி வெட்டப்பட்டு. டில்வின் படித்துவிட்டுச் சொன்னான்: “புல்லுன்னு எங்களுக்குத் தெரியாதா வாத்தியாரே? இதைப் போயி லண்டனுக்கு எழுதணுமா?”

புல்வெளியில் பச்சை தெரிகிறது.

செப்டம்பர் 26, ஞாயிறு

கணுக்காலுக்கு மேல் வந்துவிட்டது. இப்படி ஒரு மறுதாம்பை நான் பார்த்ததில்லை. மறுதாம்பு மேய்ந்த மாட்டின் பால்தான் கெட்டி என்று அப்பா சொல்வார். அது எப்படி மறந்தது? மறந்தேனா, மறக்க வேண்டியிருந்ததா?

எனக்குக் கொடுத்தது மிச்சமா, நல்லதா என்று இனி அவரிடம் கேட்க முடியாது.

அக்டோபர் 3, ஞாயிறு

காலையில் ரெஜ்ஜின் பக்கத்துக் கேட்டைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி கம்பியால் கட்டினேன். மதியம்வரை எதுவும் வரவில்லை. மூன்று மணிக்கு அவன் வந்து கேட்டருகே நின்றான்.

“சிரில், உன் கேட்டு தெறந்து கெடக்கு.”

“தெரியும்.”

“என் மாடுங்க உள்ள வந்துரும்.”

“எனக்கு முதுகு புடிச்சிருக்கு. குனிஞ்சு சாத்த முடியல.”

கேட்டைக் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

“டில்வினுக்கு வாய் நீளம்,” என்றான். பிறகு, “சரி,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இருட்டுவதற்குள் புல்வெளியில் என் ஏழும் அவனுடைய ஐந்துமாகப் பன்னிரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலில் நின்று எண்ணினேன். பதினாறு இருக்க வேண்டும்.