ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு

இஞ்சாருங்கோ,

இண்டைக்கு ஹேர்னிங் பஸ்ஸின்ரை முன்பக்கத்திலை ரெண்டு சின்னக் கொடி படபடத்துக்கொண்டு வந்தது. அரசியலமைப்பு நாள். ஏறி இருந்த உடனை உங்கடை ஞாபகம்தான். இந்த நாட்டு அரசன் ஒருத்தர் அந்தக் காலத்திலை அதிகாரத்தைத் தானே விட்டுக்குடுத்து, சனத்தை இருத்திச் சட்டம் எழுத விட்ட கதையை டேனிஷ் வகுப்பிலை கேட்டிட்டு, வீடு வரும்வரை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தீங்கள். நானும் அதே வகுப்பிலைதான் இருந்தனான். அந்தச் சட்டத்திலை துவக்கத்திலை பொம்பிளையளுக்கு வாக்கு இல்லை எண்டு ரீச்சர் சொன்னது மட்டும் உங்கடை காதிலை விழயில்லை.

எண்பதுகளின்ரை நடுப்பகுதி. குளிருக்குப் பழகமுந்தியே எங்களுக்கொரு சங்கம் வேணுமெண்டு வெளிக்கிட்டீங்கள். அதுக்கு யாப்பு, அதுதான் சங்கத்தின்ரை சட்டவிதியள், எழுதவேணும். ஞாயிறுகளிலை எங்கடை வீட்டு ஹோலிலை, ரெண்டு மூண்டு குடும்பக்காரரும் கலியாணம் கட்டாத தனிப் பெடியளுமாய்க் கூடி ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கட்டினீங்கள். கூட்டத்தைத் தேவாரத்தோடை தொடங்கிறதோ ஜெபத்தோடையோ எண்டு மத்தியானம் முழுக்க இழுபட்டு, கடைசியிலை மௌனத்துக்கு ஒத்துக்கொண்டீங்கள். விட்டுக்குடுக்கத் தெரிஞ்ச மனிசன் எண்டு எனக்குப் பெருமையாய் இருந்தது.

வாக்குக்கு வந்த உடனை, "ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு" எண்டு நீங்களே எழுதினீங்கள். கொண்டுவந்த தேத்தண்ணித் தட்டை மேசையிலை டக்கெண்டு வைச்சன். நானும் உங்களைப்போலை பக்டரியிலை மாயிறன், வரி கட்டிறன். அப்ப என்ரை வாக்கு எங்கையெண்டு கேட்டதுக்கு, "உமக்கும் சேத்துத்தானே நான் போடுறன்" எண்டீங்கள்.

கோவத்தை விழுங்கிக்கொண்டு ஒண்டுதான் கேட்டன். "குடும்பம் எண்டா என்ன? ஒரே சட்டியிலை சாப்பிடுற ஆக்களோ? அப்ப, ஒரு வீட்டிலை சேந்து சமைக்கிற இந்தப் பெடியளுக்கும் ஒரு வாக்குத்தானே?"

பெடியள் துள்ளி எழும்பிச்சினம். ஆளுக்கொரு வாக்கு இல்லையெண்டா சங்கமே வேண்டாமாம். நீங்கள் என்னை ஒருக்கால் பாத்தீங்கள். பிறகு அந்த வரியை வெட்டிப்போட்டு, வயது வந்த ஒவ்வொருத்தருக்கும் எண்டு எழுதினீங்கள்.

முதல் பொதுக்கூட்டத்திலை தலைவருக்கு நிண்டீங்கள். நான் உங்களுக்கு எதிராய் நிண்டவருக்குக் கை உயர்த்தினன். வேலையும் சங்கமுமாய் ஓடி நீங்கள் மெலிஞ்சுகொண்டு போனது எனக்குத்தானே தெரியும். தோத்துப்போனீங்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதித்தூரம் முகத்தை நீட்டிக்கொண்டுதான் வந்தீங்கள். பிறகு என்னைப் பாத்து, "எழுதினது வேலை செய்யுது" எண்டு சொல்லிச் சிரிச்சீங்கள். அந்தச் சிரிப்புக்காண்டியே எனக்கு உங்களிலை அவ்வளவு விருப்பம்.

அதுக்குப் பிறகு எத்தினை கூட்டம். நீங்கள் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம். வீட்டை வந்தா ஒரே சட்டிச் சோறு. பிள்ளையள் டேனிஷிலை எங்களைப் பகிடி பண்ணுவினம்.

போன ஞாயிறும் பொதுக்கூட்டம். நான் ஒண்டையும் விடுறேல்லை. கையை உயர்த்திப்போட்டு, உங்கடை கை எந்தப் பக்கம் எண்டு பழக்கதோசத்திலை திரும்பிப் பாத்தன்.

நீங்கள் முதல் எழுதினபடியே ஆகிப்போச்சு. இப்ப எங்கடை வீட்டுக்கு ஒரு வாக்குத்தான்.