கருகின சட்டையும் காதல் படத்துப் பாட்டும்

என் மகாராணிக்கு உன் கிழவன் எழுதுறது. நான் கல்லு மாதிரி இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்க ஓட்டல் சலவை ரூம்ல துணி மடிக்கிறவன் ஒருத்தன். நம்ம பாஷையே தெரியாது, ஆனா மெட்டு புடிச்சுப்போய் தினமும் போன்ல ஒரே பாட்டைப் போடுறான். கல்யாணமான புதுசுல பாத்தோமே, அந்தக் காதல் படத்துல அவன் அவளை விட்டுட்டுப் போறப்ப வர்ற பாட்டு! நேத்து அதைக் கேட்டு நின்னதுல, இஸ்திரிப் பெட்டி சட்டையைக் கருக்கிடுச்சு.

"என்ன பெரியவரே, கண்ணு கலங்குது?"ன்னாரு சூப்பர்வைசர்.

"புகை சார்"னேன்.

அன்னைக்குக் கொட்டகையில நீ தேம்பினதுக்கு இத்தனை வருஷமா அழுமூஞ்சின்னு கிண்டல் பண்ணேன். படத்துக்கே அழுதவ, நான் இந்த வேலைக்குக் கிளம்பினப்ப சிரிச்சுக்கிட்டே நின்னியேடி. எப்படி அடக்கினே?

ரெண்டு பெரிய கைக்குட்டை அனுப்பு. பசங்க கேட்டா, சளின்னு சொல்லிடு. மணி அடிச்சாச்சு, ஓடுறேன்.

உன் அழுமூஞ்சி