இடது பக்கத்து மெத்துத் துணி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் உன் பக்கத்திலேயே மாமா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார், அதனால்தான் கடிதம். பிறந்ததிலிருந்து என் இடது இடுப்பில் ஒட்டிக்கிடக்கும் சதைக் கொத்து இருக்கிறதே, கிடங்கில் பெட்டி தூக்கக் கட்டும் பெல்ட் உரசி உரசி அதில் ரத்தம் வந்துவிட்டது. நீ என் பேன்ட் இடுப்பில் வைத்துத் தைக்கும் மெத்துத் துணிக்கும் அடங்கவில்லை. தோல் டாக்டர் ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். பயமாக இருக்கிறது அக்கா.

உன் வாயாடி

மார்ச் 27

அக்கா,

வெறும் கொழுப்பு! தோலுக்கு அடியில் இருக்க வேண்டியது, வழி தவறித் தோலுக்குள்ளேயே குடியேறிவிட்டதாம். அபூர்வமாம், ஆபத்தில்லையாம். பயிற்சி டாக்டர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். என் இடுப்புக்கு இவ்வளவு மரியாதை இதுவரை கிடைத்ததில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, மொத்தமாக எடுத்துத் தைத்துவிட்டார்கள். உன் தையல் அளவுக்கு நேர்த்தி இல்லை.

வாயாடி

ஏப்ரல் 19

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்து, தையல் மெஷின்மேல் தலை வைத்து அழுதேன். ஒன்று சொல்கிறேன், கத்தாதே. போன வருஷக் கடைசியிலிருந்து எனக்கும் மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. டாக்டரைப் பார்க்க நாள்கூட வாங்கியிருந்தேன். உன் கடிதம் வந்ததும் போகவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தோம், எனக்கு மட்டும் வேறென்ன வந்துவிடும்? உன்னுடையது பஞ்சு மாதிரி, என்னுடையது கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். பள்ளிச் சீருடை வேறு மலையாகக் குவிந்து கிடக்கிறது.

அக்கா

மே 2

அக்கா,

என்னுடையது தோலில் இருந்தது. உன்னுடையது மார்புக்குள். இரண்டும் ஒன்றே இல்லை. நேற்று போனில் நான் தொண்டை கிழியச் சொன்னதற்கு "சரி சரி, போறேன்" என்று வைத்துவிட்டாய். உன் "சரி சரி" எனக்குத் தெரியாதா? சீருடையைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்றைக்கே போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாயாடி

அக்டோபர் 11

வாயாடிக்கு,

சீருடையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். புற்றுநோயாம், ஈரல்வரை போய்விட்டதாம். மாமா கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருக்கிறார். நீ உன்னை நொந்துகொள்ளாதே. நீ நல்ல செய்திதான் எழுதினாய், நான்தான் அதை எனக்கும் வந்த செய்தியாகப் படித்துக்கொண்டேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உனக்கு ஒரு பேன்ட் வெட்டிப் போட்டிருக்கிறேன். சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே.

அக்கா

நவம்பர் 23

அக்காவுக்கு,

விடியும்போது மாமா போன் செய்து, நீ போய்விட்டாய் என்றார். கிடங்கில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் உன் பார்சல்.

பேன்ட் கச்சிதம். அளவு கேட்காமல் எனக்குத் தைக்க இனி யார் இருக்கிறார்கள்? இடது பக்கம் இடுப்புப் பட்டைக்குள் வழக்கம்போல மெத்துத் துணி வைத்திருக்கிறாய். அங்கே இப்போது தழும்பு மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். கைதான் கேட்கவில்லை போலிருக்கிறது.

பிரிக்க மனசு வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

வாயாடி