முன்னால் விட்ட இடம்

அன்புள்ள மகளுக்கு,

நர்சிங் படிப்புக்கு நீ கேட்ட சாதிச் சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் இல்லை. மலையடிவாரத்திலிருந்து தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். பட்டம் போன ராஜாவுக்குப் பல்லக்கா வரும்? கொப்புளம்தான் வந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் நம் பழைய குடியானவன் கரியாலூர் பொன்னான். அவன் மகளும் உன்னைப் போலவே விண்ணப்பித்திருக்கிறாளாம். மலையை நாம் ஆண்ட ஜாகிர் உரிமை போய்ப் பதினோரு வருஷம் ஆகியும், எனக்கு முதுகு காட்டி நிற்க அவனுக்கு மனம் வரவில்லை.

"நீங்க முன்ன போங்க சாமி."

வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதற்குள் கால் போய்விட்டது. பழக்கம்.

என்னுடையதில் கையெழுத்துப் போட்டதும் அதிகாரி எழுந்துவிட்டார். "மத்தவங்க அடுத்த வாரம் வாங்க."

அதற்குள் சேர்க்கை முடிந்துவிடும்.

திரும்பும்போதும் பொன்னான் எனக்குப் பின்னாலேயே நடந்தான். மலை வரைக்கும் திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.

உன் அப்பன்