மாமி கொண்டுவந்த ஈயச் சொம்பு

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போனது. நாளை திறந்த நாள். பல்கலைக்கழக வாசலை ஊர் மக்களுக்குத் திறந்துவிட்டு அறிவியல், உணவு, சுற்றுச்சூழல் என்று ஆளுக்கொரு மேஜை. பால் சோதனை வாசலருகே. சிறுதானிய அடை மரத்தடியில் (கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும் என்று என்னோடு படிக்கும் தீபக்கின் ஜோசியம்). கடற்கரையில் பொறுக்கிய குப்பையை வைத்து ஒரு கண்காட்சி. எனக்கும் தீபக்குக்கும் பாத்திர மேஜை.

வீட்டில் புழங்கும் பாத்திரத்தைக் கொண்டுவாருங்கள், என்ன உலோகம் என்று சொல்கிறோம். அவ்வளவுதான் வேலை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. பாத்திரத்தின் மேல் வைத்து அழுத்தினால் எந்த உலோகம் எவ்வளவு என்று திரையில் வரும். எங்கள் துறை மேடம் அதை என் கையில் கொடுத்துவிட்டு, நீ பேச வேண்டாம்மா, அதுவே பேசும் என்றார். வந்தவர்களிடம் தீபக் பேசிக்கொள்வான். நிம்மதி.

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், செலோடேப். எனக்கு ஹேர்பின்.

அம்மா சமைக்கும் மயிலாப்பூர் வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்தனுப்பியிருந்தேன். மாமி கட்டாயம் வருகிறாராம், மகள் ரம்யாவோடு. ரம்யாவுக்கு ஏழாம் மாதம். வாந்தி தாங்காமல் வேளச்சேரி அப்பார்ட்மெண்டைப் பூட்டிக்கொண்டு மூன்றாம் மாதமே தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவள். "எம்பொண்ணுதான் மெஷினு புடிக்கப் போறா" என்று அம்மா அங்கே சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 2, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் எல்லாம் சிரிப்புதான். பித்தளைக் குடம், குக்கர் மூடி, ஒருவர் சைக்கிள் மணி. ஒரு அம்மா தாலிச் செயினைக் கழற்றாமலே கழுத்தை நீட்டினார். "இது இன்னா தங்கம்னு கரெக்டா சொல்லு கண்ணு. எங்க வூட்டுக்காரரு சொன்னது பொய்யான்னு தெரியணும்." தீபக், "குடும்பத்தப் பிரிக்கறது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல ஆன்ட்டி" என்றான்.

பதினோரு மணி வாக்கில் மாமி. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி. ரம்யா பையிலிருந்து, பழைய வேட்டியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தாள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. அந்தக் குடும்பங்களில் ரசம் அதில்தான். மாமியாருக்கும் மாமியார் காலத்துச் சொம்பாம், சுத்தமான வெள்ளீயமாம். "எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு" என்றார் என்னிடம். "இந்த மாதிரி இப்போ எந்தக் கடையிலும் கிடைக்காது. உங்கம்மா பளபளன்னு வச்சிண்டிருக்கா பாரு."

தீபக் விளக்கிக்கொண்டிருந்தான். வெள்ளீயம் உணவுக்கு நல்லது, காரீயம் விஷம், பார்க்க இரண்டும் ஒரே நிறம். நான் அழுத்தினேன். திரையில் வெள்ளீயம் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் காரீயம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கழுத்தில், அடியில், உள்பக்கம். மாறவில்லை. தீபக் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டான்.

மேடத்தைக் கூப்பிட்டோம். அவர் பக்குவமாகத்தான் சொன்னார்: இதில் சமைக்க வேண்டாம், இந்த நேரத்தில் மகளுக்கு நிச்சயம் வேண்டாம். மாமி முதலில் சிரித்தார். பிறகு குரல் ஏறியது. இதில் ரசம் சாப்பிட்டுத்தான் மாமியார் தொண்ணூறு வயது இருந்தார், ரம்யா வளர்ந்ததும் இதில்தான். "உங்க மிஷின் வெயில்ல நின்னு நின்னு மூளை கலங்கிடுத்து." கூட்டமே மாமி பக்கம். எனக்கே ஒரு நிமிடம் கருவி மேல் சந்தேகம். சரிபார்க்க வைத்திருந்த சுத்த வெள்ளீயத் துண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது.

கிளம்பும்போது ரம்யா மட்டும் பின்தங்கினாள். "நிஜமா இருக்குமா? எனக்கு வேற எதுவுமே வயித்துல நிக்கறதில்ல. ரசஞ்சாதம் ஒண்ணுதான். ரெண்டு வேளையும்."

லேபில் இன்னொரு தடவை பார்க்கலாம் அக்கா என்றேன். தாயின் ரத்தத்தில் இருக்கும் காரீயம் பிள்ளைக்கும் போகும், மூளைக்குப் போகும். பரீட்சைக்கு எழுதிய பதில். ஆள் எதிரில் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது?

சாயங்காலம் பட்டினப்பாக்கம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மாமி மெஷினைத் திட்டியதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி ஞாயிறு. கீழே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், காலை முதல் ஸ்பீக்கர். அந்தச் சத்தம் இருந்ததால்தான் அம்மா சொன்னாளோ என்னவோ.

"அது மாமியோட சொம்பு இல்லடி."

புரியவில்லை. கதவைச் சாத்தினாள்.

மாமிக்கு முட்டி போன பிறகுதான் பாத்திரம் தேய்க்கப் போன அம்மா அந்த வீட்டு அடுப்புக்கு வந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாமி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு புளி, எப்போது பருப்புத் தண்ணீர், நுரை கூடினதும் அணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது, முதலில் தண்ணீரை ஊற்ற வேண்டும். யார்தான் சொல்வார்கள்? அங்கே பிறந்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

"நம்ம வூட்ல கழுவுன சட்டிய ஈரம் காயட்டும்னு அடுப்புல வைப்போமே, அப்டி வச்சேன். புளி கரைச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், அடியே காணோம். வெள்ளி மாரி உருகி பர்னரு மேல ஊத்திக்கினு கீது."

மாமி அப்போது உள்ளறையில் தூக்கம். அம்மா அத்தனையையும் சுரண்டிக் கவரில் போட்டுக்கொண்டாள். அன்று ரசம் எவர்சில்வரில். மறுநாள் குளத்தங்கரைப் பக்கம் பிளாட்பாரத்தில் அதே அளவில் ஒரு சொம்பு வாங்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மாமிக்குக் கண்ணும் மங்கல். கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்றாராம் ஒருநாள், பிறகு தன் மணிக்கட்டுதான் பலம் போய்விட்டது என்றாராம்.

எப்போது என்று கேட்டேன். ரம்யா வந்த வாரம்.

வெளியே கூழுக்குத் தூக்கோடு வரிசை. எனக்குச் சாப்பிடவே முடியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த கவரை லேபுக்கு எடுத்துப் போனேன். உருகி இறுகிய கட்டி, ஓரமெல்லாம் அடுப்புக் கரி. கழுவி, கருவியை வைத்தேன். சுத்த வெள்ளீயம்.

மாமி சொன்னது சரி. கருவி சொன்னதும் சரி.

மாமி ஒருநாளும் நம்ப மாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் மனதில் இருக்கும் சொம்பு வேறு. அம்மா வாய் திறக்காமல் யார் போய் என்ன காட்டினாலும் நடக்காது.

அம்மா இன்று சொல்லிவிடுகிறேன் என்றுதான் போனாள். சொல்லவில்லை. சொல்லாமல், ரசத்தை எவர்சில்வரில் வைத்திருக்கிறாள். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, இது நம்மாத்து ரசமே இல்லையே, நீயும் அந்த மிஷினை நம்பிண்டு ஆரம்பிச்சுட்டியா என்று கேட்டாராம். மறுபடி சொம்பில் வைக்கச் சொன்னாராம். வைத்தாள். ரம்யா சாப்பிட்டாள்.

"தெரிஞ்சே வச்சியா?"

"எதுருல ஒக்காந்துக்கினு கீறாங்க. நான் இன்னா பண்றது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவிடம் கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அடுப்பை விட்டு மறுபடி பாத்திரத்துக்குப் போ என்றால் நான் போக மாட்டேன் என்று அம்மா சொன்னாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை.

ரம்யாவுக்கு மெசேஜ் டைப் செய்தேன். அழித்தேன். நான் சொன்னால் அது அம்மாவைக் காட்டிக் கொடுத்த மாதிரி. அம்மா சொன்னால் வேறு. ஆனால் நாளைக்கு மேல் காத்திருக்க முடியாது. அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லீவ் போட்டுவிட்டு அம்மாவோடு போனேன். அந்த வீட்டுக்குள் முதல் தடவை. கூடத்தில் ஊஞ்சல், அதன் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிக் குவியல். மாமி என்னைப் பார்த்ததும், "என்னடி, மிஷினைக் கையோட கொண்டு வந்திருக்கியா" என்றார். விளையாட்டாகத்தான்.

பேச வேண்டியதை பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தேன். அம்மாதான் கவரைப் பிரித்து அந்தக் கட்டியை மேஜையில் வைத்தாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மாமி கட்டியைக் கையில் எடுத்தார். விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"கல்யாணமாகி வந்து எத்தனை வருஷம் இதைத் தொட விடலை தெரியுமோ எங்க மாமியார். உன் கையில குடுத்தேனேடி மல்லிகா. ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"சொன்னா மறுபடியும் பாத்திரம் தேக்க அனுப்பிச்சிருப்பீங்க."

மாமி யோசித்தார். "ஆமா. அனுப்பிச்சிருப்பேன்."

சமையலறை வாசலில் ரம்யா. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சொம்பை விடும்மா. என்னைப் பாரு."

மாமி அப்போதுதான் அவள் வயிற்றைப் பார்த்தார். கைத்தடியை விட்டுவிட்டு எழுந்திருக்கப் போய்த் தடுமாற, அம்மாதான் ஓடிப் பிடித்தாள். பிடித்த கையை மாமி மெதுவாக எடுத்துவிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ரம்யா டாக்டருக்குப் போன் செய்தாள். வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "மல்லிகாக்கா, நீங்களும் இங்கதானே சாப்பிடறீங்க. நாளைக்கு என்னோட ரத்தம் குடுக்க வாங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பும்போது நடந்தே வந்தோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ராத்திரி மழை, காலையில் வெயில். ரத்தம் கொடுத்தாகிவிட்டது, ரம்யா, மாமி, அம்மா மூன்று பேரும். இந்தச் சோதனைக்கு நாளாகுமாம்.

துறையில் கூட்டம். திறந்த நாளில் எல்லோரும் பேசியது எங்கள் பாத்திர மேஜையைப் பற்றித்தானாம். அடுத்தது தி. நகரில் ஒரு சமூகக் கூடத்தில். மேடத்துக்கு உற்சாகம். சொம்பின் படத்தைப் போஸ்டரில் பெரிதாகப் போடலாம், அந்த அம்மா எப்படிச் சண்டை போட்டார் என்பதை நீயே மேடையில் சொல்லேன், கூச்சம் போகும் என்றார். தீபக், மாமி மாதிரி கைத்தடி ஊன்றி நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

படம் வேண்டாம் மேடம் என்றேன். ஏன் என்றார். வேண்டாம் என்றேன் மறுபடி. தீபக் வெளியே வந்து, உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை.

அம்மா வீட்டில். துவைத்த துணியை மறுபடி துவைக்கிறாள். ரம்யா பாப்பாவுக்கு இப்போது யார் சமைக்கிறார்களோ, காரம் தூக்கலாகப் போட்டால் வாந்தி எடுக்குமே என்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒன்றுமில்லை. ரிசல்ட் இல்லை. லேபில் ஒரு பீக்கரை உடைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேகமூட்டம். மந்தைவெளி ஆஸ்பத்திரி. மாமி, ரம்யா, அம்மா, நான், ஒரே பெஞ்சில். மாமிக்கும் அம்மாவுக்கும் நடுவில் ரம்யா.

டாக்டரம்மா மூன்று ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரம்யாவுக்கு இருக்கலாம் என்கிற அளவைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மேற்கொண்டு உள்ளே போகாமல் நிறுத்தியது நல்லது, கால்சியம், இரும்பு, ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். ரம்யா கண்ணை மூடிக்கொண்டாள். மாமிக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் டாக்டர் மூன்றாவது தாளை எடுத்தார். மல்லிகா யார் என்று கேட்டார். அம்மாவுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். ரொம்ப அதிகம். கை மரத்துப் போகிறதா, வயிறு வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஒரே ரசம்தானே எல்லாரும் சாப்பிட்டது? உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு?"

அம்மா முழித்தாள். "தெரியல டாக்டரம்மா."

மாமிதான் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரசத்துல மேல் தெளிவை நாங்க விட்டுண்டுடுவோம். அடி மண்டி அவளுக்கு. எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் ஒழிச்சு, அவ உக்காரும்போது மூணு மணி ஆயிடும். அதுவரைக்கும் அது சொம்புலயேதான் கிடக்கும்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

புளியின் அமிலம் காரீயத்தைக் கரைக்கும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு கரையும். எல்லாம் படித்ததுதான். அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்பது இன்றுதான் தெரியும்.